ஞானசௌந்தரி நின்ற இடம்

தூத்துக்குடி
14.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். மடத்துக் கம்பிக்கு அந்தப் பக்கம் நீ சுகம்தானே? இங்கே நான், என் வீட்டுக்காரி ஷெர்லின், அப்பா மூவரும் சுகம். ஊரே போனில் பேசும் காலத்தில் தபால் பெட்டியைத் தேடி அலைபவன் நான் ஒருத்தன்தான். கார்மேல் மடத்துக்குப் போனவளை அக்காவாகப் பெற்றால் வேறு என்ன செய்வது?

நல்ல செய்தி. என் புரோகிராம் ஓட ஆரம்பித்துவிட்டது. படகில் ஒரு கருவி இருக்கும். அது, தான் நிற்கும் இடத்தை எண்களாகக் கரைக்கு அனுப்பும். என் புரோகிராம் அதை வாங்கி, கடல் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைக்கும். புயல் வந்தால் யார் எங்கே நிற்கிறார் என்று தெரியும். தடை போட்ட தீவு எல்லைக்குள் போனால் புள்ளி சிவப்பாகிவிடும்.

கேட்கச் சுலபம். ஆனால் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு பாஷை. புதுக் கருவி எண்ணின் பெரிய பகுதியை முதலில் அனுப்பும், பழையது சின்னப் பகுதியை முதலில் அனுப்பும். நீ விலாசத்தில் பெயர், தெரு, ஊர் என்று எழுதுகிறாய். இன்னொருவன் ஊர், தெரு, பெயர் என்று எழுதுகிறான். தபால்காரருக்கு அது தெரியாவிட்டால் ரெக்சன் என்கிற ஊரில் தூத்துக்குடி என்கிற ஆளைத் தேடுவார். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துத் திருப்பிப் போட்டவன் உன் தம்பி. ஆபீசில் கேக் வெட்டினார்கள்.

நம் ‘ஞானசௌந்தரி’யிலும் ஒரு பழைய கருவியை மாட்டியாயிற்று. "கடல்ல நான் எங்கன நிக்கேன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரிஞ்சு என்னலே ஆவப் போவுது?" என்றார் அப்பா. ஆனாலும் கருவியைத் தினம் துடைத்து வைக்கிறார். அம்மா பெயர் வைத்த படகில் தூசி இருக்கக் கூடாதாம்.

ஜெபத்தில் நினைத்துக்கொள்.

உன் தம்பி,
ரெக்சன்

*

கார்மேல் மடம்
6.10.2025

அன்புத் தம்பி ரெக்சனுக்கு,

மரியே வாழ்க. எனக்கு முதுகுவலி தவிர குறையில்லை. இப்போது பூசைக்கு அப்பம் சுடுகிற அறையில் வேலை. மாவு ஒரு துளி கெட்டியானாலும் அப்பம் விரிசல் விட்டுவிடும். அம்மா இருந்தால், வீட்டில் ஒரு தோசை சுடாதவள் ஆண்டவருக்கு அப்பம் சுடுகிறாளே என்று சிரித்திருப்பாள்.

கேக்கை நீ ஒருவனே தின்றிருப்பாய். தின்னு, தின்னு. மதர்தான் கடிதங்களைப் பிரித்து வாசிப்பார் என்று உனக்குத் தெரியும். உன் விலாசக் கதையைப் படித்துவிட்டு, "உங்கள் தம்பி கெட்டிக்காரர்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்கே ஒரு பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டும்.

அப்பாவின் மூட்டுவலி எப்படி? பெரிய வெள்ளி ஊர்வலத்தில் ஆண்டவர் சொரூபம் வைத்த தூம்பாவைத் தூக்க முன் தோள் வேண்டும், அதற்குள் தைலம் போட்டுத் தேற்று. அம்மா இறந்த வருஷம்கூட அந்தத் தோளை விட்டுக்கொடுக்காத மனுஷன் அவர்.

உன் அக்கா,
சிஸ்டர் அமலோற்பவம்
(உனக்கு மட்டும் ஜெஸ்லின்)

*

தூத்துக்குடி
19.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீ சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

ஒரு சங்கடம். உனக்கு வேறு யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதுகிறேன். போன வாரம் ஒரு விடியற்காலை நம் படகு வான்தீவு எல்லைக்குள் நின்றதாக ஸ்கிரீனில் சிவப்புப் புள்ளி வந்துவிட்டது. அதிகாரிகள் படகைக் கடலுக்கு விட மறுத்துவிட்டார்கள். ஊர்க்கமிட்டி கூடியது. தீவுக்குள் போகிறவனுக்குக் கோயில் காரியத்தில் இடமில்லை என்று ஊரே சேர்ந்து போட்ட கட்டுப்பாடு உனக்கு நினைவிருக்கும். அதை முதலில் சொன்னதே அப்பாதான். அதனால் ஆட்களுக்குக் கோபம் அதிகம். கூட்டத்தில் ஸ்கிரீனைக் காட்டினார்கள். அப்பா போகவில்லை என்றார். யாரும் நம்பவில்லை.

வரும் பெரிய வெள்ளிக்குத் தூம்பாவில் அவருக்குத் தோள் கிடையாது என்று முடிவாகிவிட்டது.

அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். கவலைப்படாதே.

ரெக்சன்

*

கார்மேல் மடம்
27.11.2025

தம்பிக்கு,

உன் கடிதத்தை மதர் என்னிடம் தரும்போது முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். அப்போதே தெரிந்துவிட்டது. படித்துவிட்டு அப்பம் சுடும் அறைக்குப் போனேன், ஒரு தட்டு முழுக்கக் கருகிவிட்டது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஊர் என்ன சொல்லும் என்பதற்காக இல்லை. நம் அப்பா செய்துவிட்டு இல்லை என்று சொல்கிறாரே, அதற்காக.

அப்பாவுக்குத் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மனுஷன் தவறுவது இயல்பு, மறைப்பதுதான் பாவம், பீடத்துக்கு முன்னால் எல்லோரிடமும் மன்னிப்புக் கேளுங்கள், எனக்காகக் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறேன். நீ பிரிக்காமல் அவர் கையில் கொடு.

ஒன்று கேட்க வேண்டும். ஸ்கிரீனைக் காட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய். யார் காட்டினார்கள்?

திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை மடத்தில் கடிதம் கிடையாது. அதுவரை ஜெபிக்கிறேன்.

அக்கா

*

தூத்துக்குடி
28.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்து. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். குசினி வாசலில் நின்றே படித்தார். படித்து முடித்து ஷெர்லினிடம் வெளுத்த வேட்டி ஒன்று கேட்டார். மறுநாள் பங்குச் சாமியிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணினார். ஞாயிறு பூசை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் போய் நின்று, "நான் எல்லைக்குள்ள போனது உண்மைதான். எல்லாரும் என்னை மன்னிக்கணும்" என்றார். மூட்டுவலியோடு முழங்கால் போட்டார். எழ முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

அதிகாரிகளும் படகை விட்டுவிட்டார்கள். பெரிய வெள்ளித் தோள் மட்டும் இல்லை என்றது இல்லைதான்.

அப்பா என்னிடம் அவ்வளவாகப் பேசுவதில்லை. மற்றபடி சுகம்.

ரெக்சன்

*

கார்மேல் மடம்
15.1.2026

அன்புத் தம்பிக்கு,

மரியே வாழ்க. எல்லோருக்கும் புதுவருஷ ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். சந்தோஷ அழுகைதான். நம் அப்பா பெரிய மனுஷன் ரெக்சன். எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்? மடத்தில் எல்லோரும் அப்பாவுக்காக ஒரு ஜெபமாலை சொன்னோம். என் ஒரு வார்த்தைக்கு அவர் முழங்கால் போட்டார் என்பதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய்.

அக்கா

*

தூத்துக்குடி
1.3.2026

அக்கா,

தவக்காலம் தொடங்கிவிட்டது. இந்தக் கடிதம் மடத்து மேசையில் உயிர்ப்புப் பெருவிழா வரை பிரிக்காமல் கிடக்கும். அது தெரிந்துதான் எழுதுகிறேன். உன் முகத்துக்கு நேரே சொல்லத் திராணி இல்லாதவன் பூட்டிய கதவிடம் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்.

ஸ்கிரீனைக் காட்டியது நான்.

கமிட்டித் தலைவர் என்னைத்தான் கூப்பிட்டார். "ஏலே ரெக்சா, நீ செஞ்ச மிஷினு. நீயே சொல்லு" என்றார். கோயில் ஹாலில் எல்லோரும் இருந்தார்கள். அப்பா எழுந்து, "நான் உள்ள போகல" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "அப்பா, மனுசன் மறப்பான், மிஷினு மறக்காது. ஞானசௌந்தரி உள்ளதான் நின்னிருக்கு" என்றேன். அம்மா பெயரைச் சொல்லி அவரைக் காட்டிக்கொடுத்தேன். எல்லோரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். சொந்த அப்பன் என்றும் பார்க்காமல் நியாயம் சொன்னானே என்று. எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அப்பா போகவில்லை அக்கா.

போன வாரம் ஆபீஸ் பெரிய ஆட்களுக்குக் காட்டுவதற்காக, எல்லாப் படகும் இத்தனை மாதம் நின்ற புள்ளிகளை ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். கடல் நிறையப் புள்ளி. பழைய கருவி உள்ள படகுகளை மட்டும் தனியாகப் பிரித்தபோது, ஒரே அளவில் விட்டு விட்டு வெற்றுப் பட்டைகள் தெரிந்தன. கோடு போட்ட லுங்கி போல. அந்தப் பட்டைகளுக்குள் ஒரு படகுகூட, ஒரு தடவைகூட நின்றதில்லை. அப்படி எந்தக் கடலும் கிடையாது.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கடலில் இடத்தைக் கடிகாரம் போலத்தான் அளப்பார்கள். ஒரு டிகிரிக்கு அறுபது மினிட், ஒரு மினிட்டுக்கு அறுபது செகண்ட். பழைய கருவி கடைசியில் நாற்பத்தைந்து என்று அனுப்பினால், அது நாற்பத்தைந்து செகண்ட். அதாவது முக்கால் மினிட். புதுக் கருவி அப்படி இல்லை, ஒரு மினிட்டை நூறு பங்காகப் பிரித்து அனுப்பும். என் புரோகிராம் இரண்டையும் நூறு பங்கு என்றே எடுத்துக்கொண்டது. முக்கால் மினிட்டை அரைக்கும் குறைவாகப் படித்தது. செகண்டில் ஐம்பத்தொன்பதுக்கு மேல் எண்ணே வராது, அதனால்தான் அந்த வெற்றுப் பட்டைகள். பழைய கருவி உள்ள எல்லாப் படகையும் தென்மேற்கே தள்ளித் தள்ளி வைத்திருக்கிறேன். சில சமயம் கொஞ்சம், சில சமயம் அரைக் கிலோமீட்டருக்கும் மேல்.

எண் எந்தப் பக்கம் திரும்பி வருகிறது என்று பார்த்து மார் தட்டினேன். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று பார்க்கவில்லை. கருவியோடு வந்த புத்தகத்தில் அது இரண்டாவது பக்கத்திலேயே இருக்கிறது.

அந்த விடியற்காலையை மறுபடி கணக்குப் போட்டேன். படகு எல்லைக்கு வெளியே வடகிழக்கில் நிற்கிறது. நன்றாக வெளியே.

அப்பா செய்யாததற்கு முழங்கால் போட்டார்.

ரெக்சன்

*

தூத்துக்குடி
22.3.2026

அக்கா,

இன்னும் சொல்லவில்லை. மேனேஜரிடம் மட்டும் சொன்னேன். கதவைச் சாத்தினார். "அடுத்த அப்டேட்டில் சத்தமில்லாமல் சரிபண்ணிவிடு. வெளியில் சொன்னால் ஒரு படகுக்காரனும் நம்மை நம்ப மாட்டான்" என்றார். சரிபண்ணிவிட்டேன். ஒரே ஒரு வரி. அறுபதால் வகுக்க வேண்டிய இடத்தில் நூறால் வகுத்திருந்தேன்.

அப்பா வெள்ளிக்கிழமை காலை என் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தார். ஆபீசில் கூட்டம் இருக்கிறது என்று ஷெர்லின் சொன்னாளாம். நான் அந்தச் சட்டையைப் போடாமல் வேறு ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். அவர் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு குருத்து ஞாயிறு. அதற்குள் சொன்னால்தான் பெரிய வெள்ளிக்குத் தோள் திரும்பக் கிடைக்கும். தினமும் நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறேன் அக்கா.

ரெக்சன்

*

தூத்துக்குடி
4.4.2026, பெரிய சனி

அக்கா,

குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் சொன்னேன். அதே ஹால், அதே ஆட்கள். கையில் குருத்தோலையை வைத்துக்கொண்டு, தப்பு மிஷினுடையது இல்லை, என்னுடையது, எங்கப்பா எல்லைக்குள் போகவில்லை என்றேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. கடிகாரக் கதையைச் சொன்னேன். ஒருத்தர், "அப்ப பவுலு ஏன் மன்னிப்புக் கேட்டாரு?" என்றார். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

கமிட்டித் தலைவர் பின் வரிசைக்குப் போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பவுல் அண்ணாச்சி, முன் தோள் ஒங்களுக்குத்தான். வேற எவன் நிப்பான்?" என்றார். அப்பா தலையை ஆட்டினார். அது சரி என்பதா இல்லை என்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. என் வேலை அநேகமாகப் போய்விடும். அதை விடு.

நேற்று பெரிய வெள்ளி. சிலுவையிலிருந்து ஆண்டவர் சொரூபத்தை இறக்கித் தூம்பாவில் வைத்தார்கள். முன் தோளுக்கு இடம் விட்டுக் காத்திருந்தார்கள். அப்பா வரவில்லை. தேடினால், தெருவோரம் கூட்டத்தோடு கூட்டமாக, கையில் மெழுகுதிரியோடு நிற்கிறார். கடைசியில் இன்னொருவர் தூக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏம்ப்பா தூக்கல?"

"செய்யாததச் செஞ்சேன்னு பீடத்துக்கு முன்னால சொன்னேன். சாமிகிட்ட பாவசங்கீர்த்தனத்துலயும் சொன்னேன். பொய் சொன்னவன் தோளு இது. இத வச்சு ஆண்டவரத் தூக்கச் சொல்லுதியா?"

"ஏன் பொய் சொன்னிய?"

"ஒங்க அக்கா கேட்டாள்லா."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தார். நான் செய்த மற்ற தப்பையெல்லாம் ஒரே வரியில் சரிபண்ணிவிட்டேன் அக்கா. இதை எங்கே போய்ச் சரிபண்ணுவது?

ரெக்சன்

*

கார்மேல் மடம்
10.4.2026

ரெக்சன்,

உயிர்ப்பு வாழ்த்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேற்று உன் மூன்று கடிதமும் ஒன்றாகக் கைக்கு வந்தன. மதர் எல்லாவற்றையும் படித்திருந்தார். என் கையைப் பிடிக்க வந்தார். நான் இழுத்துக்கொண்டேன்.

நீ உன்னையே திட்டிக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். நீ மிஷினை நம்பினாய். நான் எதை நம்பினேன்? உன் ஒரு கடிதத்தை. இருபது வருஷம் நம்மைப் பொய் சொல்லாமல் வளர்த்த மனுஷனுக்கு, மறைப்பது பாவம் என்று நான் புத்தி சொன்னேன். எனக்காகக் கேளுங்கள் என்று வேறு எழுதினேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தால் இந்த உடுப்பைப் போட்டிருக்கவே கூச்சமாக இருக்கிறது. அவர் முழங்கால் போட்டதற்காக இங்கே ஜெபமாலை சொல்லி ஆனந்தப்பட்டேனே! அப்பாவை முதன்முதலில் பொய் சொல்ல வைத்தது நான்தான். அந்தப் பாவம் என்னுடையது, சாமியிடம் சொல்லிவிட்டேன். பாரம் மட்டும் இறங்கவில்லை.

அப்பாவுக்கு ஒரு கடிதம் இதோடு இருக்கிறது. மன்னிப்புக் கேட்டுத்தான். இந்தத் தடவை நீயும் பக்கத்தில் இரு.

அக்கா

*

தூத்துக்குடி
19.4.2026

(மாமாவின் மூக்குக் கண்ணாடி உடைந்திருக்கிறது. மாமா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாதாம். - ஷெர்லின்)

ஏளா ஜெஸ்லினு,

நல்லா இருக்கியா மக்கா? எனக்கு மூட்டுவலி பரவாயில்ல. இப்ப அயிலை மீனு நல்லா படுது.

ஒன் கடுதாசி வந்துச்சு. ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நீ அழுதிருக்கே. இவனும் அழுதான். போதும், நிறுத்துங்க. நான் சாமிகிட்ட போயி, பாவசங்கீர்த்தனத்துல பொய் சொல்லிட்டேன்னு சொன்னேன். அவரு சிரிக்கவா அழவான்னு தெரியாம இருந்தாரு. பொறவு மன்னிப்புக் குடுத்தாரு. அடுத்த வருசம் தூக்குதேன். தோளு அதுவர தாங்கும்.

இவனுக்கு இன்னும் வேல போகல. போனாலும் படகு இருக்கு. கடலுக்கு வந்தா வாந்தி எடுப்பான். எடுக்கட்டும்.

ஒண்ணு மட்டும் சொல்லணும், கோவப்படாத. கமிட்டி ஏன் போனியன்னு கேட்டுச்சு. நீ ஏன் மறைக்கியன்னு கேட்டே. இவன் ஏன் பொய் சொன்னியன்னு கேட்டான். இப்ப ரெண்டு பேரும் மன்னிப்புக் கேக்கிய. அன்னைக்கு எங்கன நின்னிய அப்பான்னு ஒருத்தரும் கேக்கல. இன்னிவரைக்கும் கேக்கல. நான் நின்ன சரியான எடத்தக்கூட இவன் கம்ப்யூட்டர்கிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டான். நான் அடுத்த ரூம்புலதான் இருந்தேன்.

கேக்காட்டியும் சொல்லுதேன். வான்தீவுக்கு வடகிழக்க, எல்லைக்கு வெளிய, நண்டு வலை பாறையில சிக்கிருச்சு. இழுத்தா கிழிஞ்சுரும். வெளிச்சம் வரட்டும்னு எஞ்சின நிறுத்திட்டு ஒங்கம்மா பேரு எழுதுன எடத்துல சாஞ்சு ஒக்காந்தேன். பிளாஸ்க்குல கொஞ்சம் சாயா இருந்துச்சு, குடிச்சேன். பொழுது விடிஞ்சுச்சு. வலைய எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

அப்பம் சுடுத எடத்துல கையப் பாத்துக்க.

அப்பா,
பவுல்